சீட்டி இருக்க ‘சின்ட்ஸ்’ எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பூத்துணிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். துணியின் வரலாற்றுக்கு ஒரு தமிழ் நாளிதழ் இவ்வளவு இடம் ஒதுக்கியதற்காக முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கட்டுரை முழுவதிலும் அத்துணி ‘சின்ட்ஸ்’ என்றும், இரண்டோர் இடங்களில் ‘சின்ட்ஸ்கள்’ என்றும் எழுதப்பட்டிருந்ததோடு, இதற்குத் தமிழில் தனிச்சொல் இல்லை என்று பெட்டிச் செய்தி ஒன்றும் இடம்பெற்றிருந்தது. அதே வாரம் மாணவர் பக்கத்தில், பழைய சிறுகதை ஒன்றில் வரும் ‘சீட்டிப் பாவாடை’ என்ற தொடருக்குக் ‘கட்டம் போட்ட மலிவுப் பாவாடை’ என்று பொருள் கூறப்பட்டிருந்தது. இரண்டையும் செய்திப்பிரிவில் ஒருவரே அடுத்தடுத்துப் படித்திருந்தால், முதல் பக்கத்தில் இல்லை என்று சொல்லப்பட்ட சொல்லே இரண்டாம் பக்கத்தில் தவறான பொருளோடு அச்சாகியிருப்பது தெரிந்திருக்கும்.

சொல் இருக்கிறது. சீட்டி என்பதே அது. வண்ணப் பூக்களும் கொடிகளும் அச்சிடப்பட்ட, அல்லது கையால் எழுதப்பட்ட, பருத்தித் துணிக்குத் தமிழில் வழங்கிவரும் பெயர் இதுதான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில், அச்சிட்ட துணி என்ற பொருளில் இச்சொல் பதிவாகியிருக்கிறது. மலையாளத்திலும் சீட்டித்துணி என்றே வழங்குகிறார்கள். பாவாடை, சட்டை, ரவிக்கை, மெத்தை உறை, திரைச்சீலை என்று இத்துணியில் தைக்கப்பட்டவற்றுக்கெல்லாம் அடையாக நின்று, சீட்டிப் பாவாடை, சீட்டிச் சட்டை, சீட்டி ரவிக்கை என்று நம் பேச்சிலும் கதைகளிலும் புழங்கிய சொல் இது. இப்போது அறுபது வயதைத் தாண்டியவர்கள் எவரிடம் கேட்டாலும், தங்கள் சிறுவயதுப் பாவாடையின் நிறத்தையும் பூவையும் சேர்த்தே சொல்வார்கள். பாவாடை என்று வாயெடுத்தால் சீட்டி என்பது தானாகவே முன்னால் வந்து நிற்கும்.

‘கட்டம் போட்ட’ என்ற விளக்கம் ஏன் பொருந்தாது என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டமும் கோடும் பெரும்பாலும் நெசவில் பிறப்பவை. பாவிலும் ஊடையிலும் நிறம் மாற்றி நூலை ஓட்டினால் தறியிலேயே கட்டம் விழுந்துவிடும். சீட்டியில் தறிக்கு அந்த வேலை இல்லை. நெய்து முடித்த வெள்ளைத் துணியின் மேல், பிறகு ஏற்றப்படுவதே அதன் பூ. நூலால் நெய்யப்பட்ட பூவைப் புட்டா என்று சொல்கிறோமே தவிரச் சீட்டி என்று சொல்வதில்லை. ஐயம் இருப்பவர்கள் துணியைப் புரட்டிப் பார்த்தால் போதும். புட்டாவாக இருந்தால் பின்பக்கத்தில் நூல்கள் ஓடியிருக்கும், அல்லது வெட்டி விடப்பட்டிருக்கும். ஆலையில் அச்சிட்ட சீட்டியாக இருந்தால் பின்பக்கத்தில் அதே பூ வெளிறிய நிழலாகத் தெரியும். பழைய முறையில் சாயம் தோய்த்ததாக இருந்தால் நிறம் நூலுக்குள்ளேயே இறங்கியிருக்கும். பூப்போட்ட துணி எல்லாமே சீட்டி ஆகிவிடாது; பட்டில் பூ நெய்திருந்தாலும், நூலால் பூத்தையல் போட்டிருந்தாலும் அவற்றுக்குப் பெயர் வேறு.

எழுத்துப்பிழை நேர்ந்துவிடாமல் இருக்க இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதட்டைக் குவித்து எழுப்பும் சீழ்க்கையையும் பேச்சு வழக்கில் சீட்டி என்கிறோம். ஒலி ஒன்றானாலும் சொற்கள் இரண்டு. சீட்டியடித்தான் என்றால் சீழ்க்கை. சீட்டி எடுத்தான், சீட்டி தைத்தாள் என்றால் துணி. வினையே பொருளைக் காட்டிக் கொடுத்துவிடுவதால் வாசகர் தடுமாற வாய்ப்பில்லை. குலுக்கிப் போடும் சீட்டுக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆகவே மெய்ப்புப் பார்ப்பவர்கள் ‘சீட்டித் துணி’ என்பதைச் ‘சீட்டுத் துணி’ என்று திருத்திவிடக் கூடாது. அப்படித் திருத்தப்பட்ட மறுபதிப்புகளை நான் பார்த்திருப்பதால்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

சீட்டி தூய தமிழ் வேரிலிருந்து பிறந்த சொல் என்று நான் வாதிட வரவில்லை. தெளித்தல், புள்ளி என்ற பொருள்களைத் தரும் சீண்ட் என்ற வடநாட்டுச் சொல்லே இதற்கு மூலம். அதே சொல்லைத்தான் போர்ச்சுக்கீசியர் சிட்டா என்றும், டச்சுக்காரர் சிட்ஸ் என்றும், ஆங்கிலேயர் சிண்ட் என்றும் எடுத்துச் சென்றார்கள். ஆங்கிலத்தில் முதலில் சிண்ட் என்பதே ஒருமை. லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் 1663 செப்டம்பரில் எழுதிய நாட்குறிப்பில், மனைவியின் புதிய படிப்பறைச் சுவருக்காக ஒரு ‘சிண்ட்’ வாங்கியதாகவும், அது வண்ணம் தீட்டிய இந்தியத் துணி என்றும் குறித்திருக்கிறார். துணிகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கியதால் ‘சிண்ட்ஸ்’ என்ற பன்மையே எல்லாருடைய வாயிலும் பழகி, பின்னர் அது பன்மை என்பதே மறந்துபோய், எழுத்தும் மாறி ஒருமையாக நிலைத்துவிட்டது. நம் கட்டுரையாளர் எழுதிய ‘சின்ட்ஸ்கள்’ என்ற சொல்லில் ஆங்கிலப் பன்மை விகுதியும் தமிழ்ப் பன்மை விகுதியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன. நம் நாவுக்கு ஏற்பத் திருந்தி, நம் புணர்ச்சி விதிக்கு இசைந்து, ‘சீட்டிகள்’ என்று இயல்பாகப் பன்மையும் ஏற்கிற ஒரு சொல் கையில் இருக்கும்போது, அதன் உடன்பிறப்பை லண்டன் வழியாகச் சுற்றி வரவழைப்பதற்கு என்ன தேவை என்று எனக்குப் புரியவில்லை.

‘மலிவு’ என்ற அடைமொழியே என்னை அதிகமாக வருத்தியது. சீட்டி மலிவான துணியாகவும் இருந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது இச்சொல்லின் வாழ்வில் பிற்பகுதி மட்டுமே. முற்பகுதியில் சீட்டி என்னவாக இருந்தது என்பதை இக்கரையிலேயே இருந்து பார்த்து எழுதியவர்கள் உண்டு. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான பொலியூ, 1734ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் துணி எழுதுவோரின் வேலையைக் கவனித்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தக் கையெழுத்துப்படி இன்றும் பாரீசில் இருக்கிறது. இயேசு சபைத் துறவியான கேர்து பாதிரியார், கிறித்தவம் தழுவிய துணி ஓவியர்களிடம் நேரில் கேட்டறிந்ததை 1742ஆம் ஆண்டில் நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். தொழிலின் மறைவைத் தெரிந்துகொண்டு தங்கள் நாட்டில் செய்து பார்ப்பதே இவர்களுடைய நோக்கம் என்றாலும், அந்தக் குறிப்புகளால்தான் ஒரு சீட்டிக்குப் பின்னால் இருந்த உழைப்பு நமக்குத் தெரிகிறது.

வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு கசிந்து பரவாமல் தடுக்கும். பிறகு துணியைக் கட்டையால் அடித்து மழமழப்பாக்கி, ஊசியால் துளையிட்ட தாளை அதன்மேல் விரித்துக் கரித்தூளைத் தட்டினால் பூவின் உருவம் புள்ளிகளாக இறங்கும். முனையில் முடியோ கந்தையோ சுற்றிய மூங்கில் எழுதுகோலை இரும்புக் கரைசலில் தோய்த்து, சுற்றிலும் கறுப்புக் கோடு எழுதுவார்கள். சிவக்க வேண்டிய இடத்தில் பூசுவது சிவப்பு அன்று, படிக்காரக் கரைசல். அதற்கென்று நிறம் கிடையாது என்பதால், எங்கே பூசினோம் என்பது கண்ணுக்குத் தெரிவதற்காக அதில் சிறிது பதங்கக் கட்டையின் சாயத்தைக் கலந்துகொள்வார்கள். பிறகு சாயவேர் போட்டுக் கொதிக்கும் நீரில் துணி முழுவதையும் இறக்குவார்கள். படிக்காரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஏறி நிலைத்துவிடும்; மற்ற இடங்களில் ஒட்டிய வெளிறிய கறையைச் சாணம் கரைத்த நீரில் ஊறவைத்து, மீண்டும் மீண்டும் நனைத்து வெயிலில் விரித்து நீக்குவார்கள். நீலத்துக்கு வேறு வழி. நீலம் ஏற வேண்டிய இடங்களை மட்டும் விட்டுவிட்டு, எஞ்சிய துணி முழுவதையும் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அதன் பிறகு கொதிநீரில் மெழுகை உருக்கி எடுக்க வேண்டும். மஞ்சள் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும். நீலத்தின்மேல் மஞ்சளை ஏற்றித்தான் இலைக்குப் பச்சை வரவழைப்பார்கள்.

கட்டுரையோடு வெளியான படத்தின் கீழிருந்த குறிப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருக்கும் பழந்துணியில் இலைகள் நீலமாக இருப்பதைச் சுட்டி, அது ‘ஓவியரின் கற்பனை’ என்று எழுதப்பட்டிருந்தது. இலை எழுதப்பட்டபோது பச்சையாகவே இருந்திருக்கும். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் 300 ஆண்டுகள் தாண்டியும் நிற்கக்கூடியவை. மஞ்சளுக்கு அந்த உறுதி இல்லை. வெளிச்சத்திலும் துவைப்பிலும் அது போய்விட, அடியிலிருந்த நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. உலகெங்கும் அருங்காட்சியகங்களில் இருக்கும் சோழமண்டலச் சீட்டிகள் பலவற்றில் நீல இலைகளைக் காண்பதற்கு இதுவே காரணம்.

வெயிலுக்கும் வெள்ளாவிக்கும் மங்காத இந்தச் சிவப்பை முன்பின் கண்டிராத ஐரோப்பா, இதன் மீது எத்தனை மோகம் கொண்டது என்பதை அங்கே போடப்பட்ட சட்டங்களே காட்டுகின்றன. பிரான்சில் 1686ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டுச் சட்டத்தால் வண்ணத்துணி இறக்குமதியைத் தடுத்தது. அப்படியும் அடங்காததால், 1721ஆம் ஆண்டுச் சட்டத்தால் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே குற்றமாக்கியது. அச்சட்டம் 1774இல்தான் விலக்கப்பட்டது. கம்பளியும் பட்டும் நெய்தவர்களின் பிழைப்பைக் காப்பதற்காகப் போடப்பட்ட சட்டங்கள் இவை. ஒரு துணியை உடுத்தினால் தண்டம் என்று அரசு அறிவிக்கும் அளவுக்கு மதிப்போடு இருந்தது சீட்டி. நெதர்லாந்தில் ஹிண்டலோப்பன் என்ற சிற்றூரின் மரபு உடையிலேயே அது இடம்பிடித்துவிட்டது. ஜப்பானில் சரசா என்ற பெயரில் போற்றப்பட்டு, தேநீர்ச் சடங்குக்கான அரிய கலங்களைப் பொதியும் துணியாயிற்று.

மலிவு அதற்குப் பிறகு வந்தது. 1783ஆம் ஆண்டில் தாமஸ் பெல் செப்பு உருளையால் துணி அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கைகள் பல நாள் செய்த வேலையை உருளை சில நிமிடங்களில் செய்து தள்ளியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளின் பூத்துணிகள் நம் துறைமுகங்களில் வந்து குவிந்தபோது, நம் மக்கள் அவற்றையும் சீட்டி என்றே அழைத்தார்கள். உள்ளூர்ப் பெயர் அப்படியே இருக்க, பெயருக்குரிய பொருள் மட்டும் சீமைச் சரக்காக மாறிவிட்டது. பின்னர் நம் நாட்டு ஆலைகளே அச்சிடத் தொடங்கியபோதும் அதே பெயர் தொடர்ந்து, எளிய வீட்டுப் பெண் குழந்தைகளின் பாவாடையாகச் சீட்டி நிலைபெற்றது. ஆங்கிலத்திலும் இதே சரிவு நடந்திருக்கிறது. அங்கே இச்சொல்லிலிருந்து பிறந்த பெயரடைக்கு இன்று மட்டமான, பகட்டான என்ற பொருள் ஏறிவிட்டது. ஒரு சிறுகதையில் ஏழைச் சிறுமி சீட்டிப் பாவாடை உடுத்தியிருந்தால் அது மலிவானது என்பதை அக்கதையின் சூழலே சொல்லிவிடும். அகராதிப் பொருளிலேயே மலிவைச் சேர்த்துவிட்டால், மாணவர்கள் பழைய சீட்டியைப் பற்றிப் படிக்கும்போது தவறான படமே மனத்தில் எழும். ‘பூக்கள் அச்சிட்ட பருத்திப் பாவாடை’ என்று மாணவர் பக்கத்தில் ஒரு வரித் திருத்தம் வெளியிட்டால் போதுமானது.

எழுதுகோலால் துணியில் சித்திரம் எழுதும் கலைக்கு வழங்கும் கலம்காரி என்ற பெயரையே எழுதிவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். இரண்டுக்கும் செய்முறை உறவு நெருக்கமானதுதான். ஆனாலும் நம் வழக்கில் வேறுபாடு இருக்கிறது. கோயில் விதானம், தேரில் தொங்கும் தொம்பை, தெய்வக் கதைகள் எழுதிய திரை ஆகியவற்றைச் சீட்டி என்று யாரும் சொல்வதில்லை. கருப்பூர் மரபில் வந்து புவிசார் குறியீடும் பெற்றிருக்கும் அந்த ஓவியங்களுக்குக் கலம்காரி என்ற பெயர் பொருத்தமானது. உடுத்துவதற்கும் விரிப்பதற்கும் கெசக்கணக்கில் வெட்டி விற்கப்பட்ட, கதையும் உருவமும் இல்லாமல் பூவும் கொடியுமாக ஓடும் துணியே சீட்டி. தஞ்சை மராட்டிய அரண்மனைக்காக உருவான கோடாலிக்கருப்பூர்ச் சேலையை இரண்டிலும் அடக்க முடியாது. சரிகை நெசவும் மெழுகுச் சாயமும் கலந்த தனி வகை அது. கட்டுரையில் அதையும் ‘சின்ட்ஸ்’ பட்டியலில் சேர்த்திருந்தது சரியன்று.

பழையதையும் புதியதையும் பிரித்துக் காட்ட வேண்டிய இடங்களில், கையால் ஆனதை எழுத்துச் சீட்டி என்றும், அச்சுக்கட்டையாலோ உருளையாலோ ஆனதை அச்சுச் சீட்டி என்றும் எழுதலாம் என்பது என் கருத்து. சித்திரம் எழுதினாள், மகளிர் மேனியில் தொய்யில் எழுதினான், கண்ணுக்கு மை எழுதினாள் என்றுதான் தமிழ் பேசிவந்திருக்கிறது. வண்ணத்தால் கோடு இழுப்பதெல்லாம் நம் மொழியில் எழுத்துத்தான். ‘கையால் வண்ணம் தீட்டப்பட்ட சின்ட்ஸ் வகைத் துணி’ என்று கட்டுரை ஆறு சொற்களில் சொன்னதை எழுத்துச் சீட்டி இரண்டே சொற்களில் சொல்லிவிடும். ‘மலரச்சுத் துணி’ போன்ற புத்தாக்கங்களைச் சில மொழிபெயர்ப்புகளில் காண்கிறேன். மக்கள் பேசிய சொல் உயிரோடிருக்கும்போது அவற்றுக்குத் தேவை இல்லை.

ஈழத்து வழக்கைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் உண்டு. இலங்கைத் தமிழர் இதே துணியைச் சீத்தை என்பார்கள். சீத்தைத் துணி, சீத்தைச் சட்டை என்பவை அங்கே இயல்பான வழக்குகள். சிங்களத்திலும் சீத்த என்ற வடிவம் உண்டு. சீட்டிக்குச் சிவப்பைத் தந்த சாயவேர் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலங்களில் தோண்டப்பட்டு, டச்சுக்காரர் ஆட்சிக்காலத்தில் அவர்களுடைய கட்டுப்பாட்டில் இருந்த வணிகப் பொருள் என்பதை எண்ணிப் பார்த்தால், அங்கே இத்துணிக்கு ஒரு பெயர் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. தங்கள் இணைப்பிதழில் ஈழத்து எழுத்தாளர்களின் கதைகள் அடிக்கடி வெளிவருகின்றன. அவற்றில் சீத்தை என்று வரும் இடங்களைப் பிழை என்று கருதிச் சீட்டி என்றோ, சேலை என்றோ மாற்றிவிட வேண்டாம் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவும் நம் சொல்லே.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ‘சின்ட்ஸ்’ என்பதற்கு மாற்றாகச் சீட்டி என்ற சொல்லையே பயன்படுத்துமாறும், தமிழில் சொல் இல்லை என்ற பெட்டிச் செய்திக்கு மறுப்பு வெளியிடுமாறும், நீல இலைகளைப் பற்றிய படக்குறிப்பைத் திருத்துமாறும் கேட்டுக்கொள்கிறேன். ஆங்கிலச் சொல்லை அறிந்த வாசகர்களுக்காக முதல் இடத்தில் மட்டும், ‘ஆங்கிலத்தில் சின்ட்ஸ் எனப்படும் சீட்டி’ என்று ஒரு முறை குறிப்பிட்டுவிட்டால் அதற்குப் பிறகு குழப்பம் எழாது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்